வெட்டுப்புள்ளி அறிவின் அளவுகோலா?

மாவட்ட ஒதுக்கீட்டின்வழி முல்லைத்தீவு போன்ற இடங்களிலிருந்து மருத்துவ பீடம் புகும் மாணவர் பலர், தாம் தகுதியற்றோரோ என்ற அச்சத்துடனேயே முதலாண்டைக் கழிக்கின்றனர். இவ்வச்சம் அவருள்ளத்தில் இயல்பாய் முளைத்ததன்று. 'குறைந்த புள்ளிக்காரர்' என்னும் சக மாணவரின் ஏளனம் விதைத்தது.

1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழி மூல மாணவரை வஞ்சித்த தரப்படுத்தலைச் சுட்டி, இவ்வொதுக்கீட்டையும் பழிப்போர் உளர். மொழியை அளவாகக் கொண்டு அனுமதியை மறுத்தல் வேறு; ஆய்வுகூடமும் ஆசிரியரும் வாய்க்காத பாடசாலைகளின் குறையை ஈடுசெய்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது மயக்கமேயாம்.

நுழைவுக்குத்தான் மாவட்டந்தோறும் வெட்டுப்புள்ளி வேறுபடும். பீடத்தினுள் அனைவர்க்கும் வினாத்தாள் ஒன்றே. அதனை எழுதித் தேறுவோரை எவ்வளவுகோல் கொண்டு தாழ்த்துவது? அவர்கள் அஞ்சவேண்டியதில்லை. நகரத்துத் தனியார் வகுப்புகள் ஈட்டித்தந்த தசமங்களைத் தம் பிறவி மேதைமையென எண்ணுவோரே நாணுதல் வேண்டும்.