தண்ணீருக்கும் ருசி உண்டு

தண்ணீருக்கு ஏது ருசி என்று கேட்கிறவர்கள் தஞ்சாவூரிலும் பெருகிவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. மின்சாரக் கெட்டில் வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்க்கிறார். நீல விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதில்லை. கொதித்த தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடித்தால் குழாயைத் திட்டுகிறார்.

ஈயம் பூசாத பித்தளையில் புளி படக்கூடாது என்று அறிந்து, ஈயச் சொம்பில் ரசம் வைத்த சீமை இது. அந்த ஞானம் பிளக்கைச் சொருகியதும் எங்கே போகிறது?

நாலு தரம் கொதிக்கவைத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்பார் கடைக்காரர். புதுப் பாத்திரத்து வாடைக்கு அது சரி. மாதம் கழிந்தும் அடித்தால்? ஆகவே என் கட்சி இதுதான்: அடி, சுவர், மூக்கு, மூடியின் உட்புறம் எல்லாம் 304 ரக எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். வெளியே என்ன சட்டை போட்டிருந்தால் என்ன?

போர் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டில் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அது கெட்டிலின் குற்றமல்ல. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு கொதி விட்டுக் கழுவினால் போய்விடும்.

கும்பகோணம் டிகிரி காப்பி என்று பெருமை பேசுகிறோம். சிக்கரி கால் பங்கா, அரைக்கால் பங்கா என்று அரைமணி வாதாடுகிறோம். பில்டரில் ஊற்றுகிற வெந்நீரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. டிகாக்‌ஷனில் பெரும்பங்கு அதுதானே, ஐயா!