உடல் நலம்: குடலுக்குள் ஒரு கங்காணி

கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 53. நாலைந்து மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறதாம். "மூலச்சூடுதான்" என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய் வருகிறாராம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போன வருடம் குடல் புற்று என்று அறுவை சிகிச்சை நடந்ததாம். "புற்று எப்படி உண்டாகிறது? இவருக்கும் வருமா? கிளினிக்குக்குப் போகச் சொன்னால் கோபப்படுகிறார்" என்று கேட்கிறார்.

அம்மா, இது உங்கள் வீட்டுக் கவலை மட்டுமல்ல. நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுக்குத்தான். பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம். பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே டாக்டரிடம் வருகிறார்கள்.

முதலில் அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பெருங்குடலின் உட்புறத்து மெல்லிய தோல் நாலைந்து நாளில் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. எத்தனை உயிரணு உதிர்ந்ததோ அத்தனைதான் புதிதாகப் பிறக்க வேண்டும். இந்தக் கணக்கைக் காக்கும் புரதங்களில் முக்கியமானது ஏ.பி.சி. அதற்குரிய மரபணுவை 1991-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காலத்துத் தோட்டப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். மணி அடித்தால் ஆள் கூடும். உயிரணுவுக்குள் மணி அடிக்கிறவன் பீட்டா கேட்டினின் என்னும் இன்னொரு புரதம். அது உயிரணுவின் கருவுக்குள் போய்விட்டால், "பெருகு" என்ற உத்தரவு பிறக்கும். ஏ.பி.சி. கங்காணியைப் போன்றது. வேண்டாத நேரத்தில் மணி அடிக்க வருகிறவனை வழியிலேயே பிடித்து, அழித்துவிட ஏற்பாடு செய்யும். கங்காணி இல்லாவிட்டால் மணி ஓயாது. உயிரணுக்கள் கணக்கில்லாமல் பெருகும்.

இந்த மரபணு நம்மிடம் இரண்டு உண்டு. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளிக்கும். ஓர் உயிரணுவில் இரண்டும் கெட்டால் அந்த இடத்தில் பாலிப் என்னும் சிறு கட்டி முளைக்கும். பெருங்குடல் புற்றுகளில் பத்துக்கு எட்டில் ஏ.பி.சி. பழுதாகியிருக்கிறது. ஆனால் பாலிப் உடனே புற்றாகிவிடாது. வேறு சில மரபணுக்களும் ஒவ்வொன்றாகக் கெட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும். அதற்குள் பாலிப்பை எடுத்துவிட்டால் அது புற்றாக மாற வழியில்லை.

2015-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குடல் புற்று வந்த எலிகளில் ஏ.பி.சி.யைத் திரும்ப வேலை செய்ய வைத்ததும், இரண்டு வாரத்தில் கட்டிகள் மறைந்தன. உயிரணுக்கள் பழைய ஒழுங்குக்கு வந்தன. நம் செராஸில் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூற்று உயிரியல் கழகமும் மலேசிய நோயாளிகளின் குடல் கட்டிகளில் உள்ள மரபணுக்களை ஆராய்ந்து வருகிறது. ஆனால் மனிதருக்குள் இந்தக் கங்காணியைத் திரும்ப வேலைக்கு அமர்த்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணவருக்கு வருமா என்று கேட்டீர்கள். கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தால் மற்றவர்களைவிட இவருக்குச் சாத்தியம் அதிகம். கட்டாயம் வரும் என்பதில்லை. மூலத்திலும் இரத்தம் வரும், புற்றிலும் வரும். கண்ணால் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெந்தயத்தாலும் முடியாது.

50 முதல் 75 வயதுவரை, தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது காட்டிக் கொடுக்கும். உங்கள் கணவருக்கு இரத்தம் கண்ணுக்கே தெரிகிறது. அவருக்கு அந்தப் பரிசோதனை போதாது. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். மயக்கம் வர மருந்து கொடுத்துத்தான் பார்ப்பார்கள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்பார். அந்த இடத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது என்பார். அண்ணனையே பேசச் சொல்லுங்கள். பட்டவர் சொன்னால் கேட்பார். அண்ணனுக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்களை எப்போது சோதிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இந்த வாரமே நீங்களும் கூடப் போய் வாருங்கள், அம்மா. போய் வந்ததும் எழுதுங்கள்.