குளிர்சாதனத்தின் பில்லை யார் கட்டுவது?

மீகடத்தி என்றால் மின்தடை பூஜ்யம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லிவிட்டுப் போய்விடும். அது நேர்மின்சாரத்துக்குத்தான் சரி. மைக்ரோவேவில் கொஞ்சம் தடை இருக்கத்தான் செய்யும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். ஆனாலும் 77 கெல்வினில் (மைனஸ் 196 டிகிரி!), 10 கிகாஹெர்ட்ஸில், நல்ல ஒய்பிசிஓ படலத்தின் தடை அதே குளிரில் இருக்கும் செம்பின் தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

1987-இல் ஒய்பிசிஓ வந்ததும் திரவ நைட்ரஜன் குளிரே போதும் என்றாகிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் சூப்பர்கண்டக்டர் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி தொடங்கியது. செல்போன் டவருக்கு ஃபில்டர் செய்து விற்றார்கள். பக்கத்து அலைவரிசையைக் கறாராக வெட்ட வேண்டுமானால் ஃபில்டரில் பல ஒத்ததிர்விகளை அடுக்க வேண்டும். சாதாரண உலோகத்தில் அடுக்க அடுக்க, போனிலிருந்து வரும் மெலிந்த சிக்னலும் சேர்ந்து தேய்ந்துபோகும். மீகடத்திக் கம்பித்தடத்தில் அந்தத் தேய்மானம் மிகக் குறைவு. சரக்கு சுத்தமான சரக்கு, சந்தேகமே இல்லை.

ஆயிரக்கணக்கில் விற்றும் கம்பெனி நிலைக்கவில்லை. 2002-இல் போட்டிக் கம்பெனியான கண்டக்டஸை இணைத்துக்கொண்டது, பிறகு மீகடத்திக் கம்பி செய்யப் போனது, 2021-இல் முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்தும் ஒரு கம்பெனியோடு கலந்துவிட்டது (ஆமாம், முதியோர் இல்லம்தான்!).

இதைப் பார்த்துத் தொழில்நுட்பம் தோற்றது என்பவர்கள் கணக்கைச் சரியாகப் படிக்கவில்லை. கையளவு ஃபில்டருக்காக டவருக்கு ஒரு குளிர்விப்பான் இரவுபகலாக ஓட வேண்டும். அதன் மின்செலவும் பராமரிப்பும் முழுக்க அந்த ஒரு ஃபில்டர் தலையில்தான் விழும். செல்போன் கம்பெனிக்கோ சாதாரண ஃபில்டரும் கூடுதலாக ஒரு டவரும் பழகிய வழி.

அதே மைக்ரோவேவ் தடங்கள் குவாண்டம் கணினியில் ஜோராக ஓடுகின்றன. 2019-இல் கூகுள் காட்டிய 53 க்யூபிட் சைக்கமோர் சில்லே மீகடத்திச் சுற்றுதான். க்யூபிட் வேலை செய்யவே ஒரு கெல்வினில் சில நூறில் ஒரு பங்கு குளிர் வேண்டும். அந்தச் செலவு எப்படியும் ஆகிவிட்டது, தடம் ஓசிச் சவாரி! சில்லிலிருந்து வெளியேறும் சிக்னலுக்கும் நயோபியம்-டைட்டானியக் கேபிள்தான் போடுகிறார்கள். அங்கே செம்பு போட்டால் வெப்பமும் கூடவே உள்ளே இறங்கிவிடும்.