தேம்ஸ் கரை யாருக்கு?

"வீடு வருகிறது, வேலை வருகிறது, வட்டாரமே செழிக்கப் போகிறது!" நீர்க்கரை நிலத்தின் மீது பணமூட்டைகளின் கண் விழும்போதெல்லாம் இந்தப் பல்லவிதான் பாடப்படுகிறது. அதைக் கேட்டதும் அங்கே குடியிருக்கும் ஏழை ஜனங்களின் வயிற்றில் புளி கரைகிறது. அந்தப் பயம் அறியாமையால் வருவதா, அனுபவத்தால் வருவதா? முதலாளித்துவத்தின் தாய்வீடான லண்டனில் நடந்ததைப் பார்ப்போம்.

லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதியின் இரு கரையிலும் டாக்லண்ட்ஸ் என்ற கப்பல்துறை வட்டாரம் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை இறக்க, 1802-ல் அங்கே பெரிய துறை கட்டினார்கள். நம் நாட்டுத் தேயிலையும் அந்தக் கரைகளில்தான் இறங்கியது. 1828-ல் திறக்கப்பட்ட செயின்ட் காதரின் துறைக்காகச் சுமார் 1,250 வீடுகள் இடிக்கப்பட்டன. 11,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவனுக்குச் சல்லிக்காசும் இல்லை.

அந்தத் துறைகளில் மூட்டை சுமந்தவர்கள் தினமும் வாசலில் காத்து நிற்க வேண்டும். கங்காணி கைகாட்டினால்தான் அன்றைக்கு வேலை. 1889-ல் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு அவர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். மார்க்ஸின் மகள் எலியனாரும் அவர்களுக்குத் துணை நின்றார். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் கடல் தாண்டிப் பணம் அனுப்பினார்கள். அந்தக் கரையின் ஒவ்வொரு கல்லிலும் பாட்டாளியின் வியர்வை இருக்கிறது.

பிறகு சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு ஆழமான நீர் வேண்டும். ஆகவே வேலை நதியின் கீழ்ப்பக்கம் டில்பரிக்குப் போயிற்று. 1967-லிருந்து 1981-க்குள் பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புதிய இயந்திரம் வந்ததை நாம் குறை சொல்லவில்லை. அந்த இயந்திரத்தின் லாபம் கப்பல் முதலாளிக்கும், வேலையில்லாமை தொழிலாளிக்கும் என்று பங்கு பிரிந்ததே, அதைத்தான் கேட்கிறோம்.

"நிலம் பாழாய்க் கிடக்கிறதே, ஏதாவது கட்ட வேண்டாமா?" என்பார்கள். கட்டத்தான் வேண்டும். யாருக்காக என்பதுதான் கேள்வி. 1981-ல் தாட்சர் சர்க்கார் ஒரு அபிவிருத்திக் கார்ப்பரேஷனை அமைத்தது. அதன் அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சர்க்கார் நியமித்தது. எங்கே எதைக் கட்டலாம் என்று அனுமதி தரும் அதிகாரம் உள்ளூர் கவுன்சில்களிடமிருந்து பிடுங்கி அதனிடம் தரப்பட்டது. 1982-ல் ஐல் ஆப் டாக்ஸ் பகுதியில் தொழில், வியாபாரக் கட்டடங்களுக்குப் பத்து வருஷம் உள்ளூர் வரி கிடையாது என்றார்கள்.

பலன் என்ன? 1998-ல் கார்ப்பரேஷன் கலைக்கப்படுவதற்குள் 24,000 வீடுகள் எழும்பின. பெரும்பாலானவை விற்பனைக்கு. நிலத்தின் விலை வானத்துக்கு ஏறியது. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வீடு எட்டாக்கனி. வேலையும் வந்தது, மறுக்கவில்லை. கானரி வார்ப் என்ற இடத்தில் பாங்குகளின் கோபுரங்கள் நிற்கின்றன. இன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஆனால் மூட்டை தூக்கிய கைக்கு அங்கே மேஜை போட்டது யார்? அந்தக் கோபுரங்களைக் கட்டிய கம்பெனி 1992-ல் திவாலாயிற்று. அந்தப் பக்கமாகச் செல்லும் பாதாள ரயில் பாதை நீட்டிப்பு 1999-ல் முடிந்தது. செலவு சுமார் 350 கோடி பவுண்டு. பெரும்பகுதி ஜனங்களின் வரிப்பணம்!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ராயல் துறை நிலத்தில் விமான நிலையம் வருகிறது என்றதும், 1983-ல் தாங்களே ஒரு ஜனத் திட்டம் தயாரித்தார்கள். துறைமுக வேலை, குடும்பத்துக்கேற்ற வீடு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் இருந்தன. 1984-ல் படகுகளில் ஏறிப் பார்லிமெண்டுக்கே ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவளித்த லண்டன் மாநகர் கவுன்சிலையே 1986-ல் சர்க்கார் கலைத்துவிட்டது. விமான நிலையம் 1987-ல் திறக்கப்பட்டது.

ஆனால் அதே நதியின் தென்கரையில் காயின் வீதி ஜனங்கள் வென்றார்கள். அங்கே ஆபீஸ் கோபுரம் கட்ட வந்தவர்களை எதிர்த்து 1977-லிருந்து போராடினார்கள். 1984-ல் 13 ஏக்கர் நிலம் குடியிருப்போரின் அமைப்புக்கே வந்தது. அங்கே கூட்டுறவு வீடுகளும் பூங்காவும் எழுந்தன. எதிர்ப்பும் சொந்தத் திட்டமும் அங்கேயும் இருந்தன, இங்கேயும் இருந்தன. வித்தியாசம் என்ன? காயின் வீதியில் நிலம் ஜனங்களின் கைக்கு வந்தது. டாக்லண்ட்ஸில் நிலமும் அதிகாரமும் கைவிட்டுப் போயின.

இது தூரதேசத்துக் கதை அல்ல. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த பின்னி ஆலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கூவம், அடையாற்றங்கரைக் குடிசைவாசிகளை "வெள்ள அபாயம்" என்று அப்புறப்படுத்தி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் கொண்டு வைத்தார்கள். அங்கே மட்டும் வெள்ளம் வராதா? பழைய இடத்தில் வீட்டு வேலை செய்த பெண் இனி எத்தனை பஸ் மாறிப் போவாள்?

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். நிலம் யார் பேரில் இருக்கும்? வீட்டின் வாடகை நம் கூலிக்குக் கட்டுமா? வாடகைக்கு இருப்பவனுக்கும் அதே இடத்தில் வீடு உண்டா? முடிவு செய்வது நாம் தேர்ந்தெடுத்தவர்களா, நியமித்த கனவான்களா? பதில் எழுத்தில் வரும்வரை சங்கத்தில் கூடுவோம், குடியிருப்பில் கூடுவோம். கரையைக் கட்டியவன் கரையில் குடியிருக்கட்டும்!