'லாடா'வா, 'லாதா'வா?

ரஷ்யாவின் அந்தப் பிரபலமான காரை நாங்கள் எல்லாரும் 'லாடா' எண்டுதான் எழுதுறோம். ஆனால் ரஷ்யர்கள் அந்தப் பெயரைச் சொல்லேக்க நாக்கு பல்லைத் தொடுகிறது. அது எங்கட 'த' பிறக்கிற இடம். ஆங்கிலத்தில் 'ட'வுக்கும் 'த'வுக்கும் தனித்தனி எழுத்து இல்லை. தமிழில் இருக்கு. இருந்தும் ஆங்கிலத்தைப் பார்த்தே எழுதுறோம்.

மொஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் புத்தகங்கள் 'தல்ஸ்தோய்' எண்டு எழுதின. அதே வழியில் போனால் காரும் 'லாதா'தான். நிவா, சமாரா, கலினா என்ற மாடல்களில் சிக்கலில்லை. 2015இல் வந்த 'வெஸ்டா' மட்டும் 'வெஸ்தா' ஆகவேணும்.

'எப்படி எழுதினாலும் கார் ஓடும்தானே' எண்டு சிலர் கேட்கலாம். ஓடும். ஆனால் பெயரின் ஓசை அந்தக் கம்பனிக்கே பெரிய விஷயமாக இருந்தது. ஃபியட் 124ஐத் தழுவி 1970இல் வந்த முதல் காருக்கு உள்நாட்டில் 'ஜிகுலி' எண்டு பெயர். வெளிநாட்டவர் காதில் அது 'ஜிகோலோ' மாதிரி விழும் எண்டுதான் ஏற்றுமதிக்கு 'லாதா' வந்தது.

தொழிற்சாலை இருக்கிற தொல்யாத்தி நகரமும் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் பெயரைக் கொண்டது. இத்தாலிய எழுத்தில் இருக்கிற, உச்சரிக்காத ஓரெழுத்தை ரஷ்யர்கள் விட்டுவிட்டு, காதில் கேட்டபடி எழுதினார்கள். நாங்களும் எங்கட காதை நம்பி எழுதலாமே.