கொட்டகைக்குள் வராத விதிகள்

தோழர்களே, 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் நடந்தது நினைவிருக்கும். எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதம் என்று தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சு, தடியடி, மணிக்கணக்கில் நின்ற வண்டிகள். கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கும் உரிமைக்காக மாவட்டமே பேசியது. அதே ஆண்டு மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் தமிழ்நாட்டின் 2017 சட்டத் திருத்தம் செல்லும் என்றது.

விழா வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நாம் இங்கே போகவில்லை. (யார் மாடு எந்தத் தெருவில் ஓடலாம் என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) நம் கேள்வி வேறு. ஒருநாள் ஓட்டத்துக்குத் தடுப்பு, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், கால்நடை மருத்துவர் சோதனை என்று விதி எழுதத் தெரிந்த அரசுக்கு, மீதி நாளெல்லாம் அந்த மாட்டைக் கட்டி, அவிழ்த்து, கழுவி, சாணி அள்ளும் பண்ணையாள் ஏன் கண்ணில் படவில்லை? அவருக்கு இருக்கும் ஒரே விதி, ‘பாத்து நடந்துக்கடா’. அறுபது வயதுக்காரருக்கும் அதே ‘டா’தான்.

மாட்டின் நேர் பின்னால் போகாதே, கயிற்றைக் கையில் சுற்றாதே, கன்று ஈன்ற பசு பழகிய ஆளையும் முட்டும், சாதுவான காளைக்கும் முதுகைக் காட்டாதே. இதெல்லாம் நம் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் விடியுமுன் இருட்டில், வழுக்கும் தரையில், ஒற்றை ஆளாகப் பத்துப் பதினைந்து கலப்பின மாடுகளைக் கறக்கச் சொன்னால் அந்த அறிவை வைத்து என்ன செய்வது? விளக்குப் போட வேண்டியவர், இரண்டாவது ஆளை வைக்க வேண்டியவர் முதலாளி. மத்திகிரியில் 1824 முதல் கால்நடைப் பண்ணை இருக்கும் மண் இது. மாட்டுக்கான அறிவியல் இங்கே இருநூறு ஆண்டுப் பழசு. ஆளுக்கானது இன்னும் வந்து சேரவில்லை.

முட்டு, உதையாவது கண்ணுக்குத் தெரியும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளுகிறவருக்கு புருசெல்லோசிஸ் வரலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி. இரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியாது. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இந்தச் சமயத்தில்தான் ஊருக்குச் சேரியின் ஞாபகம் வரும். ‘வந்து தூக்கிட்டுப் போ.’ பால் அவர்களுக்கு, பிணம் நமக்கு.

தூக்க வைப்பது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி, பட்டியல் சாதியினரை விலங்கின் பிணத்தை அகற்றவோ சுமக்கவோ வைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016 ஜூலையில் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். குஜராத் தலித் மக்கள் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுப் பிணங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் மாதா, நீங்களே எடுங்கள் என்று.

அடிபட்டவருக்கும் சட்டம் இருக்கிறது. 1923இன் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் கால்நடை வளர்ப்பையும், குதிரை, காளை போன்றவற்றைக் கையாளும் வேலையையும் தன் பட்டியலில் வைத்தது. விலங்கையும் பிணத்தையும் தொடும் வேலையில் தொற்றும் நோயைத் தொழில்நோய் என்றது. தினக்கூலிதானே என்ற சாக்கை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆள் கவனமில்லாமல் இருந்தார் என்று மட்டும் சொல்லி முதலாளி தப்பவும் முடியாது. இப்போது இவை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போயிருக்கின்றன.

ஆனால் வழக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே செத்துப்போகிறது. கூட வரும் முதலாளி ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்பார், பதிவேட்டில் அதுவே ஏறும். அந்த நேரத்தில் படித்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். யாருடைய கொட்டகையில், எந்த நேரத்தில், என்ன வேலையில் மாடு முட்டியது என்று எழுதச் சொல்ல வேண்டும். மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், கடந்த இரண்டு ஆண்டில் மாட்டால் அடிபட்டுப் படுத்தவர்கள் தெருவில் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.