மொழிபெயர்த்தவர் மீது விழுந்த பழி

ஜெர்மன் மொழிக் கவிஞர் பால் செலான் எழுதியவை 1983இல் ஜெர்மனியில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றில் இரண்டு தொகுதிகள் முழுக்க மொழிபெயர்ப்புகள். பிரெஞ்சிலிருந்தும் ருஷ்ய மொழியிலிருந்தும் கொண்டுவந்தவை அதிகம். ஆங்கிலம், இத்தாலியம், போர்த்துகீசியம், ருமேனியம், ஹீப்ரு ஆகியவற்றிலிருந்தும் இருக்கின்றன. செலானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘மரண ஃபியூக்’ கவிதையில் தொடங்கி சீன் நதியில் நேர்ந்த மரணத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவே இருபது வருடங்களுக்கு மேல் அவர் அன்றாடம் உட்கார்ந்து செய்த வேலை அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. அந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. அவர் மீது பழி விழுந்ததும் அந்த வேலையிலிருந்துதான். அந்தப் பழியை அச்சேற்றியவற்றில் ஒரு சிற்றிதழும் உண்டு என்பதால், எங்களைப் போல் சிற்றிதழ் நடத்துகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

செலான் 1920இல் பிறந்தபோது செர்னோவித்ஸ் நகரம் ருமேனியாவிடம் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புவரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. யூதக் குடும்பம், வீட்டில் ஜெர்மன். அம்மாவுக்கு ஜெர்மன் இலக்கியத்தில் தீராத பற்று. 1942இல் அம்மாவையும் அப்பாவையும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா முகாமுக்கு இழுத்துப்போனார்கள். அப்பா அங்கே மடிந்தார். அம்மாவைச் சுட்டுக் கொன்றார்கள். மகனுக்கு ருமேனியாவில் கட்டாய உழைப்பு முகாம். அந்த வருடங்களிலேயே அவர் ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளை ஜெர்மனாக்க ஆரம்பித்திருந்தார். அந்த முயற்சி 21 சானெட்டுகள் கொண்ட நூலாக முடிந்தது 1967இல்.

போர் முடிந்து புக்காரெஸ்ட் வந்தவருக்கு ருஷ்ய நூல்களை வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. லெர்மந்தோவின் ‘நம் காலத்து நாயகன்’, செகாவின் கதைகள் ஆகியவற்றை அங்கே ருமேனிய மொழிக்குப் பெயர்த்தார். அவருடைய புகழ்பெற்ற ‘மரண ஃபியூக்’ முதலில் அச்சானதும் மொழிபெயர்ப்பாகத்தான். 1947 மே மாதம் ஒரு புக்காரெஸ்ட் இதழில், நண்பர் பெத்ரே சாலமனின் ருமேனிய மொழியாக்கத்தில் அது வந்தது. மூல ஜெர்மன் பிறகுதான் அச்சைப் பார்த்தது.

அந்த வருடக் கடைசியில் எல்லை தாண்டி ஹங்கேரி வழியாக வியன்னா சேர்ந்தார். 1948 கோடையில் பாரீஸ். சாகும்வரை அங்கேதான் இருந்தார். 1955இல் பிரெஞ்சுக் குடிமகனானார். மனைவி ஜிசெல் பிரெஞ்சுக்காரர். எழுதியது மட்டும் ஜெர்மனில். ஜெர்மனியில் குடியேற அவர் ஒருநாளும் போகவில்லை.

பாரீஸில் பிழைப்புக்காக எதையும் மொழிபெயர்த்தார். சிமெனானின் மேக்ரே துப்பறியும் நாவல்கள் இரண்டு, சியோரானின் தத்துவ நூல், பிக்காசோ எழுதிய ஒரு நாடகம். ஆனால் 1956இல் வந்த வேலையைப் பிழைப்பு என்ற கணக்கில் சேர்க்க முடியாது. நாஜி முகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ ஆவணப்படத்துக்கு, மௌட்ஹவுசன் முகாமிலிருந்து உயிர்தப்பிய ழான் கெரோல் பிரெஞ்சில் வர்ணனை எழுதியிருந்தார். அதை ஜெர்மனாக்கியவர் செலான். திரையில் முள்வேலியையும் பிணக்குவியலையும் பார்த்த ஜெர்மன் பார்வையாளர்களின் காதில் விழுந்தது, பெற்றோரை அப்படியொரு முகாமில் பறிகொடுத்த ஒருவர் வரிக்கு வரி அமைத்துக்கொடுத்த ஜெர்மன்.

இனி பழிக்கு வருவோம். இவான் கோல் என்ற கவிஞரும் யூதர். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதியவர். 1949 இறுதியில் ரத்தப் புற்றுநோயோடு பாரீஸில் இருந்த அவரைச் செலான் போய்ப் பார்த்தார். கோல் 1950 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய பிரெஞ்சுக் கவிதைகளைச் செலான் ஜெர்மனாக்கினார், மூன்று தொகுப்புகள். கோலின் மனைவி க்ளேர், இவற்றில் செலானின் சாயல் அதிகம் என்று சொல்ல, பதிப்பகம் திருப்பியனுப்பிவிட்டது. விஷயம் அதோடு முடிந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் நேரக்கூடிய ஒரு கசப்பு என்று விட்டுவிடலாம்.

1951இல் கோலின் கடைசி ஜெர்மன் கவிதைகளை க்ளேர் நூலாக்கினார். 1952 இறுதியில் செலானின் ‘கசகசாவும் நினைவும்’ வந்தது. இரண்டிலும் படிமங்கள் ஒத்துப்போவதாகச் சொல்லி, செலான் தன் கணவரின் கவிதைகளைத் திருடிவிட்டார் என்று 1953இல் விமர்சகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார் க்ளேர். தேதியைப் பார்த்தால் செலான்தான் பிந்தியவர் என்று தோன்றும். உண்மையில் அந்தக் கவிதைகளில் பல 1948லேயே வியன்னாவில் ‘அஸ்திக் கலசங்களின் மணல்’ என்ற முதல் தொகுப்பில் அச்சாகிவிட்டன. ஆனால் அந்தத் தொகுப்பு யார் கையிலும் இல்லை. அச்சுப்பிழைகள் மலிந்து கிடந்ததைக் கண்டு மனம் நொந்து செலானே அதை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றிருந்தார். ஒரு கவிஞர் தன் வரிகள் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தது, ஐந்து வருடம் கழித்து அவருடைய சாட்சியத்தை இல்லாமல் செய்துவிட்டது. மெய்ப்புப் பார்க்கிற எங்களுக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

1960இல் மியூனிக்கிலிருந்து வந்த ‘பாவ்பூடன்போயட்’ என்ற சிற்றிதழ் க்ளேரின் கடிதத்தை வெளியிட்டது. திருட்டுக் குற்றச்சாட்டோடு நிற்கவில்லை அந்தக் கடிதம். பெற்றோர் கொல்லப்பட்டதைச் செலான் உருக்கமாகச் சொல்லி அனுதாபம் தேடிக்கொண்டார் என்றும், அதுவே ஒரு கட்டுக்கதை என்றும் படும்படி எழுதியிருந்தது. அந்த ஆசிரியர் குழு செய்திருக்க வேண்டிய வேலை மிகச் சிறியது: 1948ஆம் வருடத் தொகுப்பின் ஒரு பிரதியைத் தேடிப்பிடித்து, கோலின் நூலுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் படிப்பது. அதைச் செய்யாமல் அச்சுக்கு அனுப்பினார்கள். பெரிய நாளிதழ்களும் அதை எடுத்துப் பரப்பின.

ஆதரவும் வந்தது. இங்கபோர்க் பாக்மன், மரீ லூயிஸ காஷ்னிட்ஸ், கிளாஸ் டெமுஸ் மூவரும் கூட்டாக மறுப்பு எழுதினார்கள். விமர்சகர் பீட்டர் சோண்டி தேதிகளை எடுத்துக்காட்டி எழுதினார். அதே வருடம் செலானுக்கு கியார்க் பூஷ்னர் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்த அகாதெமி ஆராயச் சொன்னதில் குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று முடிவானது. கோல் விட்டுப்போன பிரதிகளில் க்ளேரே கைவைத்திருந்தார் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. ஆனால் செலான் அதற்குள் உடைந்துவிட்டார். நண்பர்களின் ஆதரவையும் சந்தேகப்பட்டார். 1962 இறுதியிலிருந்து பலமுறை மனநோய் மருத்துவமனையில் இருக்க வேண்டிவந்தது. 1970 ஏப்ரலில் சீன் நதியில் இறந்தார். அந்த மரணத்துக்கு இந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்வது சரியாகாது. முகாம்களின் நினைவு இருந்தது, அம்மாவின் மரணம் இருந்தது. எனினும் இந்தப் பழி அவரை அரித்தது என்பதற்கு அவருடைய கடிதங்களே போதும்.

இந்த வருடங்களில் அவர் இறுகப் பற்றிக்கொண்ட கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம். ஸ்டாலின் காலத்தில், 1938இல், விளாதிவஸ்தோக் அருகே ஒரு இடைத்தங்கல் முகாமில் இறந்த ருஷ்ய யூதக் கவிஞர். செலானின் மண்டல்ஷ்டாம் மொழிபெயர்ப்பு 1959இல் நூலாக வந்தது. 1963இல் வந்த தன் சொந்தத் தொகுப்பை மண்டல்ஷ்டாமின் நினைவுக்கே சமர்ப்பித்தார். மண்டல்ஷ்டாம் மீதும் மொழிபெயர்ப்பை வைத்துத்தான் திருட்டுப் பட்டம் விழுந்தது. 1928இல், ஏற்கெனவே இருவர் செய்த ஒரு ருஷ்ய மொழியாக்கத்தை அவர் திருத்தித் தந்தார். பதிப்பகம் அவர்கள் பெயரை விட்டுவிட்டு முகப்பில் இவர் பெயரை மட்டும் போட்டது. பதிப்பகத்தின் பிழைக்குப் பத்திரிகைகளில் அடிவாங்கியவர் மண்டல்ஷ்டாம். எங்கள் கணிப்பில் செலானின் ஆகச் சிறந்த மொழிபெயர்ப்பு அவருடைய மண்டல்ஷ்டாம்தான். மற்றவர்களை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் தன்பக்கம் வளைத்துக்கொள்வார். மண்டல்ஷ்டாமிடம் மட்டும் காதுகொடுத்துக்கொண்டே எழுதுகிறார்.

கோல் விவகாரத்தின் ஆவணங்களை எல்லாம் திரட்டி பார்பரா வீடமன் 2000இல் பெரும் நூலாகப் பதிப்பித்தார். செலான் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

எங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிப் புகார்க் கடிதங்கள் வருகின்றன. சிலவற்றில் நியாயம் இருக்கிறது. அவற்றை மறைக்க மாட்டோம். இனி அப்படி எழுதுகிறவர்கள் இரண்டு பிரதிகளின் நகலையும், இரண்டும் முதலில் வெளியான வருடத்தையும் கடிதத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை அனுப்பி, பதில் வாங்கி, கடிதத்தையும் பதிலையும் ஒரே இதழில் ஒரே அளவு எழுத்தில் போடுவோம்.